அடுப்பு திருத்தாத பிழைகள்: உபரி மளிகையும் கொடை உணவும்

உபரி மளிகை என்பது கெட்டுப்போன சரக்கு அன்று. விலைபோகாமல் நின்றுவிட்ட நல்ல சரக்கு. உறை நசுங்கிய பருப்புப் பொட்டலம், தேதி முடிய மூன்று வாரமே இருக்கிற ரவை, பண்டிகைக்கு அளவு தெரியாமல் வாங்கித் தேங்கிய வெல்லம், அரிசி ஆலையில் தரம் பிரிக்கும்போது ஒதுங்கிய குருணை, சந்தை கலைந்தபின் மிஞ்சிய தக்காளி ஆகியவை இந்த வகை. இவற்றைக் கேட்டுப் பெற்று, சமைத்து, தேவைப்படுவோருக்கு விலையின்றிக் கொடுக்கும் பணி இன்று பல நாடுகளில் முறையாக நடக்கிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கிதான் உலகின் முதல் உணவு வங்கி எனப்படுகிறது. கொடையாக வரும் தானியத்தைப் பொங்கிப் பசித்தவருக்குப் போடும் வடலூர் சத்திய தருமச்சாலை அதற்குச் சரியாக நூறாண்டு மூத்தது. வள்ளலார் அதை 1867 மே 23 அன்று தொடங்கினார். அண்மைக் காலத்தில், திருமண மண்டபங்களில் மிஞ்சும் உணவைச் சேகரிக்கும் 'நோ ஃபுட் வேஸ்ட்' 2014-இல் கோயம்புத்தூரில் உருவானது. சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் 'ஐயமிட்டு உண்' என்ற பெயரில் பொதுக் குளிர்பதனப் பெட்டி வைக்கப்பட்டது.

மண்டபத்தில் மிஞ்சிய சாம்பார் சாதத்துக்கும் கடையில் மிஞ்சிய பருப்புக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்துதான் உபரி மளிகைத் திட்டத்தின் இடர்களைக் கணக்கிட வேண்டும். சமைத்த உணவு கைக்கு வரும்போதே அதன் ஆயுளில் பாதி கழிந்திருக்கும். எத்தனை மணிக்கு இறக்கினார்கள், மூடி வைத்தார்களா என்பதற்குக் கொடுத்தவர் வாய்ச்சொல்லே சாட்சி. மளிகையில் அப்படியில்லை. அடுப்பு மூட்டும் நேரத்தைச் சமைப்பவரே தீர்மானிக்கிறார். அந்த அளவில் மளிகையைச் சமைத்துக் கொடுப்பது பாதுகாப்பான வழி. ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஒரு மயக்கமும் இருக்கிறது. எது வந்தாலும் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அது. நெருப்பு சிலவற்றைத் திருத்தும். சிலவற்றைத் தொடக்கூட முடியாது. உபரி மளிகைத் திட்டத்தில் நேரக்கூடிய பெரிய தீங்குகள் எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்துப் பேரூராட்சியான தேசூரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் இது. சுற்றிலும் நெல்லும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் விளையும் பூமி. ஆரணியும் களம்பூரும் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்றவை. இத்தகைய ஊரில் கொடைச் சமையற்கூடம் அமைந்தால் அதற்கு முதலில் வரக்கூடியவை அரிசி, குருணை, மல்லாட்டை, பருப்பு. இவை நான்கும் நாட்பட இருக்கக்கூடியவை என்பதால் ஆபத்தற்றவை போலத் தோன்றும்.

மல்லாட்டை அறுவடையில் மழை பிடித்து, காய் சரியாகக் காயாமல் மூட்டை கட்டப்பட்டால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சைக் கண்டறிந்தார்கள். 1974-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற பழங்குடியினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்கு வேறு தானியம் இருந்ததில்லை. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது தவறான சிக்கனம். மூட்டையில் பூஞ்சை வாடை வந்தால் மூட்டையே வேண்டாம். பச்சை ஓடிய, முளைவிட்ட உருளைக்கிழங்கில் சேரும் சோலனினும் வெந்நீரில் அழியாது. ஆனால் அரிசியில் வண்டோ புழுவோ இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றைப் புடைத்து, சலித்து, களைந்து நீக்கிவிடலாம், அரிசி கெட்டுவிடாது. பார்வைக்கு அருவருப்பானது அத்தனையும் ஆபத்தானதன்று, ஆபத்தானது அத்தனையும் கண்ணுக்குத் தெரிவதுமன்று. தொண்டர்களுக்கு முதல் நாளே இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வண்டைவிட வண்டுக்கு வைத்த மாத்திரைதான் பெரிய கவலை. தானியக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்ஃபைடு மாத்திரை போட்டுப் புகைமூட்டுவது வழக்கம். அது ஈரக்காற்றோடு சேர்ந்து பாஸ்ஃபின் என்ற கொடிய வாயுவை வெளியிடும். முறையாகக் காற்றோட விட்ட அரிசியால் கெடுதல் இல்லை. மாத்திரை வைத்த மறுநாளே கொடையாகக் கொடுத்துவிட்ட மூட்டையால், அதை அவிழ்ப்பவருக்கும் உண்பவருக்கும் உயிராபத்து. மூட்டையை வாங்கும்போது "மாத்திரை எப்போது வைத்தீர்கள்?" என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்பதும் அதேபோலக் கவலைக்குரியது. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமையல் செய்தவர் சொன்னதாகவும், அந்தச் சொல் எடுபடவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. குழந்தைகளும் சுவை மாறியிருப்பதாகச் சொன்னார்களாம். அந்தச் சமையற்கூடத்தில் எச்சரிக்கை இல்லாமலில்லை. எச்சரித்தவரிடம் அதிகாரம் இல்லை. எந்த இடர்ப் பட்டியலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொடைச் சமையற்கூடத்தில் அண்டாவுக்கு முன் நிற்பவருக்கு, யாரையும் கேட்காமல், எவர் கொடுத்த சரக்கையும் "இதை நான் சமைக்கமாட்டேன்" என்று நிறுத்தும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். கொடையாளர் ஊர்ப் பெரியவராகவோ கூடத்துக்கு இடம் கொடுத்தவராகவோ இருக்கும்போது இந்த உரிமை வாய்ச்சொல்லாக இருந்தால் நிலைக்காது. பூச்சிமருந்து, பினாயில், சாயம் ஆகியவை இருந்த டப்பாவில் எண்ணெயோ மாவோ ஒருபோதும் வைக்கக்கூடாது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் ஊர்களில் பிளாஸ்டிக் குடங்களும் வாளிகளும் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இங்கே இவ்விதி இன்னும் அவசியம். சில்லறை எண்ணெயைக் கொடையாக ஏற்காமல் இருப்பதே நல்லது. முத்திரை உடையாத பாக்கெட் மட்டும் போதும்.

சிற்றூர் மளிகைக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. பிரான்ஸ் 2016-இல் இயற்றிய சட்டம் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள், விற்காத நல்ல உணவைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றது. அங்கே சரக்கெல்லாம் பொட்டலத்தில், தேதியோடு இருக்கும். தேசூர் போன்ற ஊரின் மளிகைக் கடையில் துவரம்பருப்பும் மிளகாயும் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துப் போடப்படும். பழைய மூட்டையின் மிச்சம் புதிய மூட்டையில் கொட்டப்பட்டிருக்கும். அதற்குத் தேதியும் கிடையாது, பேட்ச் எண்ணும் கிடையாது. பாக்கெட் சரக்கையோ மொத்த வியாபாரியே திருப்பி எடுத்துக்கொள்வதுண்டு. ஆகவே கொடைக்கு வருவது பெரும்பாலும் தேதியற்ற சரக்காகவே இருக்கும். அச்சிட்ட தேதி இல்லாத இடத்தில் நோட்டுப்புத்தகம்தான் தேதி. வந்த நாள், கொடுத்த கடை, பொருள், எடை, கடைக்காரர் அதை வாங்கிய மாதம், ஏற்றதா மறுத்ததா என்று ஒவ்வொரு வரவையும் எழுத வேண்டும். மறுத்தவற்றை எழுதுவது இன்னும் முக்கியம். ஒரே கடையிலிருந்து மூன்று முறை காலாவதிச் சரக்கு வந்திருந்தால், அந்தக் கடை கூடத்தைக் குப்பைத்தொட்டியாகப் பயன்படுத்துகிறது என்பது நோட்டைப் பார்த்தால்தான் புரியும். உள்ளே வந்தபின் சரக்கைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். எது முதலில் வந்தது என்று பார்ப்பதைவிட எது முதலில் கெடும் என்று பார்த்துச் செலவிடுவது சரி.

ரேஷன் அரிசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதை உண்ணாத குடும்பங்கள் கொடுக்க முன்வருவது இயல்பு. ஆனால் பொது விநியோகத் திட்ட அரிசியை மொத்தமாகச் சேர்த்துவைப்பதும் வண்டியில் ஏற்றிச் செல்வதும் கடத்தல் வழக்கில் கொண்டுபோய் விடும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் இதற்கென்றே குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவு இயங்குகிறது. பத்து வீட்டில் பத்து கிலோ வீதம் வாங்கி ஆட்டோவில் ஏற்றிவரும் தொண்டரால், சாலையில் நிறுத்தப்பட்டால், தன் நோக்கத்தை நிரூபிப்பது கடினம். மாவட்ட வழங்கல் அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இந்த அரிசியைத் தொடக்கூடாது.

சமைத்து இறக்கியபின் வரும் இடர் நேரத்தைச் சார்ந்தது. உணவின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் மடியும். சோற்றில் வாழும் பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சை மறுபடி சூடாக்கினாலும் போக்க முடியாது. பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் சாம்பாரிலும் குருமாவிலும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் இதேபோலப் பெருகும். விரலில் காயம் உள்ளவர் பரிமாறினால் ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு சேரலாம்; அதற்கும் சூடு ஒரு பொருட்டல்ல. சூடான உணவு 65 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் இந்த வட்டாரத்தில், குளிர்பதன வசதி இல்லாத கூடத்துக்கு உகந்த முறை, ஆறவைக்கவே இடம் கொடுக்காமல் சமைப்பதுதான். பதினொன்றரைக்கு இறக்கி, பன்னிரண்டரைக்குப் பரிமாறத் தொடங்கி, ஒன்றரைக்கு அண்டாவைக் கழுவிவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போகிறவரிடம் "ராத்திரிக்கு வைக்காதீங்க, இப்பவே சாப்பிட்டுடுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கும் எண்ணம் அறவே கூடாது. சோற்றைக் கொட்டுவது மனத்துக்கு மிகக் கடினம், அதிலும் வீணாவதைத் தடுக்கவே பிறந்த திட்டத்துக்கு. அப்படியும் கொட்டத்தான் வேண்டும். அளவைக் குறைத்துச் சமைப்பது மறுநாள் செய்ய வேண்டிய திருத்தம்.

இந்த எச்சரிக்கைகள் தொலைவூர்க் கதைகளிலிருந்து வந்தவை அல்ல. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் உணவகத்தில் பிரியாணி முதலான அசைவ உணவு உண்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பத்து வயதுச் சிறுமி உயிரிழந்தாள். பணம் கொடுத்து உண்ட இடத்திலேயே இப்படி நேர்ந்தது. குளிர்பதன வசதியும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத கொடைக்கூடம் இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றை ஏற்காமல் தானியம், பருப்பு, காய் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. சாம்பார் சாதமும் கிச்சடியும் எந்தக் காய் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் உணவுகள் என்பதால் உபரிச் சமையலுக்குப் பொருந்துகின்றன.

அடுப்பும் ஓர் இடரே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் மதிய உணவுச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. பீகார்த் துயரமும் ஒன்பது ஆண்டுகள் கழித்து இதே தேதியில்தான் நிகழ்ந்தது. ஓலைக்கூரையின் கீழோ, பட்டு நூலும் பாவும் வைத்திருக்கும் தறிவீட்டை ஒட்டியோ பெரிய அடுப்பு மூட்டக்கூடாது. சிலிண்டர் வெளியே, அடுப்பு உள்ளே, வெளியேற இரண்டு வழி. உண்ண வரும் பிள்ளைகள் அண்டாப் பக்கம் வராதபடி தடுப்பும் தேவை.

இனி வரவும் தேவையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் இடர். நெசவாளர் வீட்டில் கை வறளும் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஏறும், சேலை முடியாமல் கூலி வராது. தீபாவளி முடிந்த அந்த நாட்களில் கடைகளில் தேங்குவதோ மைதா, சர்க்கரை, வனஸ்பதி, கடலை மாவு. வருவது பலகாரத்துக்கான சரக்கு, வேண்டியது சாப்பாட்டுக்கானது. சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு மிஞ்சிய பிஸ்கட்டையும் இனிப்பையும் கொடுத்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது தீங்கு. ஆகவே அரிசியையும் பருப்பையும் நம்பகமான பணத்தில் விலைக்கு வாங்கி அடித்தளமாக வைத்துக்கொண்டு, உபரியை அதன்மேல் சேர்ப்பதே உறுதியான ஏற்பாடு. சரக்கு இலவசம் என்பதால் திட்டமே இலவசம் ஆகிவிடாது. எரிவாயு, வண்டி வாடகை, உப்பு, புளி, எண்ணெய், சமைப்பவர் கூலி எல்லாம் ரொக்கம். மழைமாத இருப்பைத் தை, மாசி அறுவடையின்போதே கேட்டுப் பெற்று வைக்கலாம். ஆனால் ஏழெட்டு மாதம் வைத்துக் காக்க வசதி இருந்தால் மட்டும்.

தொடங்கியபின் நின்றுபோவதும் ஒரு கேடு. தினமும் சோறு வரும் என்று நம்பிய கிழவி அன்று வேறு ஏற்பாடு செய்திருக்கமாட்டாள். ஏழு நாளும் கொடுக்க முயன்று மாதத்தில் பத்து நாள் தவறுவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் என்று அறிவித்து ஒரு நாளும் தவறாமல் கொடுப்பது அவளுக்கு உதவியாக இருக்கும்.

வரவேண்டியவர்கள் வராமல் போவது கணக்கில் தெரியாத இழப்பு. தறியில் உட்கார்ந்து கைத்தொழிலால் வாழ்ந்த குடும்பம், தெருவே பார்க்க வரிசையில் தட்டேந்தி நிற்கக் கூசும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள், அல்லது கூச்சத்தை விழுங்கிவிட்டு வருவார்கள். இரண்டும் கூடாது. யார், எவர், அட்டை உண்டா என்று கேட்காமல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறும் வடலூர் முறையிலும், வெளியே வர முடியாதவர் வீட்டுக்குத் தூக்கில் அனுப்புவதிலும் இந்தத் தயக்கம் கரையும். கொடையாளருக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் அண்டாவையும் மூட்டையையும் எடுக்கலாம்.

சட்டத்தின் பார்வையில் கொடை உணவுக்குத் தனிச் சலுகை இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், இலாப நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உணவைத் தயாரித்தல், சேமித்தல், விநியோகித்தல் அனைத்தையும் உணவுத் தொழில் என்றே வரையறுக்கிறது. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கான தனி ஒழுங்குமுறை விதிகள் 2019-இல் வந்தன. வழங்கும் அமைப்பு பதிவு அல்லது உரிமம் பெற வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், உபரி உணவை விற்பனைச் சரக்கோடு கலக்காமல் வைக்க வேண்டும். பாதுகாப்பற்ற உணவால் ஒருவர் இறந்தால் ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை விதிக்கவும், குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடு வழங்கவும் 2006 சட்டத்தில் இடமுண்டு. அமெரிக்காவில் 1996-இல் வந்த பில் எமர்சன் சட்டம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவரைப் பெருங்கவனக்குறைவு இல்லாத வரை வழக்கிலிருந்து காக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணுவது ஆபத்து. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தின்போது அன்னதானம் செய்வோர் முன்கூட்டியே பதிந்து அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை பலருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் விலைக்கு வாங்குபவர் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம்; பசியோடு வந்தவருக்கு அந்த வழி இல்லை. கொடை உணவுக்கு விற்பனை உணவைவிடக் கடுமையான கவனம் தேவைப்படுவது அதனால்தான்.

எல்லாக் காப்புக்கும் பிறகும் ஒரு நாள் தவறு நேரலாம். அதற்கான ஏற்பாடு முதல் நாள் சமையலுக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பரிமாறுவதற்கு அரைமணி முன் பெரியவர்கள் இருவர் உண்டு பார்ப்பது, ஒவ்வொரு உணவிலும் ஒரு கிண்ணம் மூடி 24 மணி நேரம் யாராவது ஒருவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, வீட்டுக்கு உணவு அனுப்பிய முகவரிகளைக் குறித்துவைப்பது ஆகியவை அன்றாடப் பணிகள். ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ என்று செய்தி வந்தவுடன் பரிமாறுவதை நிறுத்த வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். உணவு எடுத்துப்போன வீடுகளுக்கு ஆளனுப்பி மீதியை உண்ண வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். அண்டாவைக் கழுவவோ மிச்சத்தைக் கொட்டவோ கூடாது. கிண்ணத்தில் உள்ள மாதிரியையும் வரவு நோட்டையும் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சரக்கு, எந்தக் கடை, எந்த நாள் என்று நோட்டில் பார்த்து, அதே மூட்டையிலிருந்து வேறெங்கும் அரிசியோ பருப்போ போயிருந்தால் அங்கேயும் தகவல் போக வேண்டும். ஆய்வு முடிவு வந்து, காரணம் தெரிந்து, அது நீக்கப்பட்டபின் அடுப்பை மறுபடி மூட்டலாம்.